ராத்தங்க ஓர் இடம்: லண்டனில் நம்மவர் உண்ட மேசைகளும் உறங்கிய அறைகளும்

'ஹோட்டல்' என்று நாம் சொல்வது ஒன்று, ஆங்கிலேயன் சொல்வது வேறொன்று. திருச்சியில் எங்கள் தெருவில் யாராவது 'ஹோட்டலுக்குப் போனேன்' என்றால் இரண்டு இட்லி, ஒரு வடை, டிகிரி காபி என்று அர்த்தம். படுத்து எழுந்தார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். லண்டனுக்கு வந்த புதிதில் நானும் 'பக்கத்துல நல்ல ஹோட்டல் எங்கே இருக்கு?' என்று அலுவலகத்தில் கேட்டு, 'ஏன், வீட்டில் பிரச்சினையா?' என்று ஒருவர் பரிவோடு விசாரித்ததுண்டு.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சொல் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நம் ஊரில் வழிப்போக்கனுக்குத் தங்க இடம் தந்தது சத்திரம். தஞ்சை மராத்திய மன்னர்கள் ராமேசுவரம் போகும் பாதை நெடுகக் கட்டிவைத்த சத்திரங்களில் படுக்கைக்குக் காசு கிடையாது. அதனால் 'ஹோட்டல்' என்ற புதுச்சொல் வந்தபோது, காசு கொடுத்து வாங்கும் புதுப்பொருளான சாப்பாட்டோடு அது ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன். லண்டனில் கதை நேர்மாறு. இங்கே படுக்கைக்கும் காசு, பசிக்கும் காசு, இரண்டுக்கும் முன்னால் உன் முகத்தைப் பார்த்து எடுக்கப்படும் ஒரு முடிவு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலில் வந்து இறங்கிய தமிழர்களும் மற்ற இந்தியர்களும் இலங்கையர்களும் இந்த நகரத்தில் எங்கே தங்கினார்கள், எதைச் சாப்பிட்டார்கள்? இருபது வருஷத்துக்கு மேலாக லண்டனில் வாழும் எனக்கு இது வெறும் பழங்கதை இல்லை. இந்தக் கேள்வி இன்றும் ஹீத்ரோவில் தினமும் வந்து இறங்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று பவுண்டு பில்

அந்தக் காலத்துப் பயணி டில்பரி துறைமுகத்தில் இறங்கி ரயிலேறி நகருக்குள் வருவார். ரயில் நிலையங்களை ஒட்டியே பிரம்மாண்டமான ஹோட்டல்கள் இருந்தன. செயின்ட் பாங்க்ரஸில் 1873-ல் திறந்த மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டலை இன்றும் யூரோஸ்டார் ஏறப் போகும்போது அண்ணாந்து பார்க்கலாம். சிவப்புச் செங்கல் கோபுரம், கோயில் போல நிற்கும். உள்ளே சுமார் முந்நூறு அறைகள் இருந்தும் குளியலறைகள் மிகக் குறைவு. 1935-ல் அது மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு அலுவலகமாகக் கிடந்து, 2011-ல்தான் மறுபடி ஹோட்டலாகத் திறந்தது.

நிலையங்களுக்குள் ரிஃப்ரெஷ்மென்ட் ரூம்கள். ரயில் நிற்கும் சில நிமிஷத்தில் சூப்பும் சாண்ட்விச்சும் விற்கும் கூடங்கள். அவற்றின் காய்ந்த ரொட்டியையும் பரிமாறுகிறவர்களின் அலட்சியத்தையும் கிண்டல் பண்ணி 1866-லேயே சார்லஸ் டிக்கன்ஸ் கதை எழுதிவிட்டார். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவருக்கு அங்கே என்ன கிடைத்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

1888-ல் சட்டம் படிக்க வந்த காந்தி முதலில் தங்கியது விக்டோரியா ஹோட்டலில். கையில் வந்த பில் மூன்று பவுண்டு. இத்தனைக்கும் அங்கே ஏறக்குறையப் பட்டினிதான் கிடந்தேன் என்று தன் சுயசரிதையில் எழுதுகிறார். ஒரு பண்டம் பிடிக்கவில்லை என்று இன்னொன்று கேட்டால் இரண்டுக்கும் காசு. பல நாள் தெருத்தெருவாக நடந்து, ஃபேரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் இங்கிலாந்து வந்து முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டார்.

1906-ல் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் வழக்கைப் பேச வந்தபோது அதே மனிதர் ஹோட்டல் செசிலில் தங்கினார். 1909-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பேலஸ் ஹோட்டல். 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்தபோதோ, கிழக்கு லண்டன் போ பகுதியில் கிங்ஸ்லி ஹால் என்னும் சேவை இல்லத்தின் மாடியில் ஒரு சின்ன அறை போதும் என்றார். ஒருவர் நாற்பது வருஷத்தில் தங்கிய இடங்களை வரிசையாக வைத்தாலே அவர் மாறிய விதம் தெரிந்துவிடுகிறது. கிங்ஸ்லி ஹால் ஈஸ்ட் ஹாமிலிருந்து அதிக தூரமில்லை. நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

அந்தத் தேநீர் யாருடையது?

பெரிய ஹோட்டலுக்கு வழியில்லாதவர்களுக்கு லண்டன் கண்டுபிடித்த அருமையான பதில், தேநீர்க் கடை. 1894-ல் பிக்கடில்லியில் லயன்ஸ் நிறுவனம் தன் முதல் கடையைத் திறந்தது. வெள்ளையும் தங்கநிறமும் கலந்த முகப்பு, சுத்தமான மேசை, எல்லாக் கிளையிலும் ஒரே விலை. தனியாகப் போகும் பெண்கள் கூச்சமில்லாமல் உட்காரக்கூடிய இடமாக இந்தக் கடைகள் பெயர் பெற்றன. 1909-ல் கவென்ட்ரி தெருவில் முதல் 'கார்னர் ஹவுஸ்' வந்தது. மாடி மாடியாக உணவுக்கூடம், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் சாப்பிடலாம்.

கோப்பையில் இருந்தது என்ன? பெரும்பகுதி இலங்கை, இந்தியத் தேயிலை. லிப்டன் 1890-ல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கத் தொடங்கியிருந்தார். அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கமிருந்து போன நம் சனம். லண்டனில் ஒரு குமாஸ்தா இரண்டு பென்னிக்குச் சூடாகக் குடித்த தேநீருக்குப் பின்னால் ஒரு தமிழச்சியின் கூடை இருந்தது.

அந்தச் சனமும் பயணிகள்தான். அவர்களுக்கு எந்த ரிஃப்ரெஷ்மென்ட் ரூம்? 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், பிறகு ரயிலில் கொழும்பு. முதல் வகுப்புப் பயணிக்கு வழியெல்லாம் மேசையும் வெள்ளைத் துணியும். தோட்டத்துக்குப் போகும் தொழிலாளிக்கு மண்டபம் முகாம். இலங்கை அரசு நடத்திய நோய்த் தடுப்பு முகாம் அது. நாள் கணக்கில் அடைத்துவைத்துப் பரிசோதித்த பிறகுதான் கப்பலேற்றுவார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது, போட் மெயிலின் கப்பல் வழி நின்றது. ஆனால் மண்டபம் முகாம் நிற்கவில்லை. பின்னாளில் எதிர்த்திசையிலிருந்து தோணியில் வந்த ஈழத்தமிழ் அகதிகள் தங்கவைக்கப்பட்டதும் அதே மண்டபத்தில்தான். இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு அந்த இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹைகேட் வீடும் திருச்சிக்காரர்களும்

லண்டனுக்குத் திரும்புவோம். ஹைகேட்டில் குரோம்வெல் அவென்யூ 65-ஆம் எண் வீட்டில் இன்று ஒரு நீலப் பலகை இருக்கிறது, சாவர்க்கர் பெயரில். 1905-ல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா அந்த வீட்டை 'இந்தியா ஹவுஸ்' என்ற பெயரில் இந்திய மாணவர் விடுதியாகத் திறந்தார். சுமார் 25 பேர் தங்கலாம். வெள்ளைக்கார வீட்டுக்காரிகள் அறை தரத் தயங்கிய காலத்தில் அது பெரிய உதவி. உள்ளே அரசியல் கொதித்தது என்பது ஊரறிந்த கதை. பலரும் மறந்த செய்தி வேறு: அந்த வட்டத்தில் எங்கள் திருச்சிக்காரர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் வரகனேரி வ.வே.சு. ஐயர், பாரிஸ்டர் படிக்க வந்தவர். இன்னொருவர் ஸ்ரீரங்கத்து டாக்டர் தி.சே.சௌ. ராஜன்.

1909 ஜூலை 1-ஆம் தேதி மதன்லால் திங்ரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். இந்தியா ஹவுஸ் மீது போலீஸ் கண் இறுகியது, விடுதி கலைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி விஜயதசமி விருந்து ஒன்றை பேஸ்வாட்டரில் நிஜாமுதீன் என்பவரின் இந்திய உணவகத்தில் மாணவர்கள் ஏற்பாடு செய்தார்கள். தலைமை தாங்க காந்தியை அழைத்தார்கள். சர்ச்சைக்குரிய அரசியல் பேசக்கூடாது என்பது அவர் நிபந்தனை. சாப்பாடு சைவம், சமையல் மாணவர்களே.

அன்று அடுப்படியில் இருந்தவர்களில் ராஜன் ஒருவர். அவர் பின்னாளில் சொன்ன கதை இது. ஒல்லியான, குட்டையான ஒரு மனிதர் முன்னதாகவே வந்து, கேட்காமலேயே வேலையில் இறங்கினார். காய்கறி சுத்தம் செய்தார், பாத்திரம் தேய்த்தார், மேசை ஒழுங்கு பண்ணினார். யாரோ உதவிக்கு வந்த ஆள் என்று ராஜன் நினைத்துக்கொண்டார். இவர்தான் இன்றைய கூட்டத்தின் தலைவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த இரவு மேசையில் காந்தியும் சாவர்க்கரும் ராமாயணத்தின் பொருளைப் பற்றி ஆளுக்கொரு கோணத்தில் பேசினார்கள். இந்திய அரசியலின் இரு வேறு பாதைகள் ஒரே பந்தியில் அமர்ந்திருந்தன. சாப்பாடு ஆக்கிப்போட்டது ஸ்ரீரங்கத்துக் கை! அடுத்த ஆண்டு ஐயர் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு லண்டனை விட்டு வெளியேறிப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். பிறகு திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ராஜன் டாக்டராக ஊர் திரும்பினார். 1930-ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டது திருச்சியில் ராஜன் வீட்டிலிருந்து. 1937-ல் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சர்.

திருச்சியில் இந்த இருவர் பெயரையும் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பேஸ்வாட்டர் அடுப்படியைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. குவீன்ஸ்வே பக்கம் ஐந்து வருஷம் வேலைக்குப் போய்வந்தேன். தினமும் அந்தத் தெருக்களில்தான் மதியச் சாப்பாட்டுக்கு இடம் தேடினேன்.

குரோம்வெல் ரோடு 21

திங்ராவின் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு இந்திய மாணவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்பது அரசாங்கத்துக்குக் கவலையாகிப் போனது. சவுத் கென்சிங்டனில் குரோம்வெல் ரோடு 21-ஆம் எண் வீடு 1910 முதல் இந்திய மாணவர் வரவேற்பு இல்லமானது. புதிதாக வருகிறவர் சில நாள் தங்கலாம், கல்லூரி பற்றி விசாரிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது நம்மை வேவு பார்க்கிற இடம் என்ற சந்தேகம் மாணவர்களிடையே கடைசிவரை போகவில்லை. படுக்கை தருகிறவர் கூடவே கண்காணிப்பையும் தந்தால், போர்வைக்குள் உறக்கம் எப்படி வரும்?

1914 ஏப்ரல் 14 அன்று 'நெவாசா' கப்பலில் வந்திறங்கிய சீனிவாச ராமானுஜன் முதலில் தங்கியது அந்த வீட்டில்தான். சென்னையில் மார்ச் 17-ஆம் தேதி கப்பலேறியவர். முள்கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, குடுமியை எடுத்து, கோட்டு மாட்டி அனுப்பியிருந்தார்கள். கணிதப் பேராசிரியர் நெவில் காரோடு போய் அவரை அழைத்து வந்தார். சில நாள் கழித்து கேம்பிரிட்ஜ்.

அங்கே அவருக்கு எண்கள் பிரச்சினை இல்லை, சாப்பாடுதான் பிரச்சினை. இங்கே நல்ல பாலும் பழமும் கிடைத்திராவிட்டால் இன்னும் கஷ்டப்பட்டிருப்பேன், இனி ஒன்றிரண்டு பண்டம் நானே சமைத்துக்கொள்வதாக முடிவு செய்து ஊரிலிருந்து சாமான் அனுப்ப எழுதியிருக்கிறேன் என்கிற பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். போர்க்காலத்தில் காய்கறித் தட்டுப்பாடு வேறு. 1917-ல் நோயில் விழுந்தார். 1920-ல் 32 வயதில் மறைந்தார். உணவு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரவு பகல் பாராமல் உழைத்த ஒருவருக்கு வேளாவேளைக்கு ஒரு பிடி ரசஞ்சாதம் தர ஒரு மெஸ் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. டூட்டிங்கில் சரவண பவன் வாசலில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

பெயர் எழுதப்படாத விருந்தாளிகள்

இதுவரை சொன்னது படித்தவர்கள் கதை. படிக்காதவர்களுக்கும் இந்நகரில் விடுதி இருந்தது.

லைம்ஹவுஸில் வெஸ்ட் இந்தியா டாக் ரோட்டில் 1857-ல் திறந்த 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹோம்', கப்பல் கூலிகளான லஸ்கர்களுக்கானது. கப்பல் சம்பளம் முடிந்து தெருவில் விடப்பட்ட ஆசிய, ஆப்பிரிக்க மாலுமிகள் அடுத்த கப்பல் கிடைக்கும்வரை தங்கினார்கள். 1937 வரை அது இயங்கியது.

ஹாக்னியில் 'ஆயாஸ் ஹோம்' இருந்தது. வெள்ளைக்காரக் குடும்பம் இந்தியாவிலிருந்து லீவில் கிளம்பும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவைக் கப்பலில் கூட்டிவருவார்கள். லண்டன் வந்ததும் சிலர் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், சிலர் அப்படியே கைவிட்டார்கள். அப்படி நின்றவர்களுக்கு அடைக்கலம் தந்தது இந்த இல்லம். ஆல்ட்கேட்டில் இருந்து, 1900-ல் ஹாக்னியில் கிங் எட்வர்ட் ரோடு 26-ஆம் எண்ணுக்கும், 1921-ல் அதே தெருவில் 4-ஆம் எண்ணுக்கும் மாறியது. ஆண்டுக்குச் சுமார் நூறு பெண்கள். இல்லம் நடத்தியவர்கள் கெட்டிக்காரர்கள்: ஆயாவின் திரும்பும் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இந்தியா போகிற இன்னொரு குடும்பத்துக்கு அவளை வேலைக்கு அமர்த்திக் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் அவள் தங்கும் செலவு நடக்கும்.

வந்தவர்களில் மெட்ராஸ் ஆயாக்கள் உண்டு. அவர்கள் அந்த வீட்டில் எந்தத் தமிழில் அழுதார்கள், எந்தத் தாலாட்டைப் பிறர் பிள்ளைக்குப் பாடினார்கள் என்று எழுதி வைக்க ஆளில்லை. பாரிஸ்டர் வாழ்ந்த வீட்டுக்கு நீலப் பலகை முன்பே வந்துவிட்டது. ஆயாக்கள் இல்லத்துக்கு 2022 ஜூனில்தான் வந்தது. அதுவும் கிழக்கு லண்டனில் வளர்ந்த தெற்காசிய வம்சாவளி இளம்பெண் ஒருவர் சில வருஷம் விடாமல் முயற்சி செய்ததால் வந்தது. இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஊர் வரலாற்றில் அக்கறை இல்லை என்று புலம்புகிற பெரியவர்கள் ஒருநாள் ஹாக்னி போய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வரட்டும்.

அங்கே சாதி, இங்கே நிறம்

லண்டன் ஹோட்டல்காரன் நிறம் பார்த்தான் என்று சொல்லும்போது நம் ஊர் ஹோட்டலையும் சொல்லியாக வேண்டும். அதே காலத்தில் தமிழ்நாட்டு ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் 'பிராமணாள்' ஒரு பக்கம், 'இதராள்' ஒரு பக்கம். டிக்கெட் ஒரே விலை, ஏறிய பெட்டியும் ஒன்று, இலை போடும் இடம் மட்டும் வேறு. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவருக்குப் பல காபி கிளப்புகளில் எந்தப் பக்கமும் கிடையாது. பெரியாரும் அவர் பத்திரிகைகளும் வருஷக்கணக்காகப் போராடிய பிறகு 1941-ல் ரயில்வே உணவுச்சாலைகளில் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. ஊருக்குள் 'பிராமணாள்' பலகையை எதிர்த்து 1957-ல் சென்னை முரளி கபே வாசலில் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

இரண்டு வேதனையையும் ஒரே உடம்பில் அறிந்தவர் அம்பேத்கர். 1920களின் தொடக்கத்தில் லண்டனில் படித்தபோது காலையில் வீட்டுக்காரி தரும் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் மீன், ஒரு கோப்பை போவ்ரில். இரவு பசிக்கு நண்பர் தந்த அப்பளத்தைத் தகரத்தில் வாட்டி, ஒரு கோப்பைப் பாலோடு சாப்பிட்டுவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்ஜய் கீர் பதிவு செய்கிறார். அவர் 1921-22-ல் தங்கிய கிங் ஹென்றிஸ் ரோடு 10-ஆம் எண் வீட்டை மகாராஷ்டிர அரசு 2015-ல் வாங்கியது. அதை நினைவு இல்லமாக வைத்திருக்க 2020 வரை அனுமதிப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

நிறத்தின் கதைக்கு ஒரு வழக்கு சாட்சி. 1943-ல் மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் லார்ட்ஸில் ஆட வந்து, ரஸல் ஸ்குவேரில் இம்பீரியல் ஹோட்டலில் நான்கு நாளைக்கு அறை பதிவு செய்திருந்தார். வந்து நின்றபோது, ஒரு ராத்திரிக்கு மேல் முடியாது என்றார்கள். அங்கிருந்த அமெரிக்கப் படையினருக்குக் கறுப்பரோடு தங்கப் பிடிக்காதாம். அவர் வழக்குப் போட்டார். நிறபேதத்தைத் தடுக்கும் சட்டமே அப்போது கிடையாது. ஆனால் ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு: சத்திரம் நடத்துகிறவன் தகுந்த காரணமில்லாமல் வழிப்போக்கனைத் திருப்பி அனுப்பக்கூடாது. அந்தப் பிடியை வைத்தே 1944-ல் வென்றார். கிடைத்த நஷ்டஈடு ஐந்து கினி. தொகை சின்னது, வாசல் பெரியது. 1965-ல் வந்த முதல் இன உறவுச் சட்டம் ஹோட்டல்களிலும் உணவகங்களிலும் பாகுபாட்டைத் தடை செய்தது. வாடகை வீடுகளுக்கு 1968-ல்தான் தடை வந்தது.

சேலத்துக்காரர் கட்டிய விடுதி

இந்த வரலாற்றில் நாம் பெருமையோடு சொல்ல வேண்டிய ஒரு தமிழர் பெயர் கே.டி. பால். சேலத்தில் 1876-ல் பிறந்த கனகராயன் திருச்செல்வம் பால். இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச் செயலாளர். லண்டனில் இந்திய மாணவர்கள் அறை கிடைக்காமல் அலைவதையும், அரசாங்க விடுதியை நம்பாமல் விலகுவதையும் கண்டு, இந்தியர்கள் தாங்களே நடத்தும் ஒரு விடுதி வேண்டும் என்று முனைந்தார். 1920-ல் ப்ளூம்ஸ்பரியில், முதல் உலகப்போர்ச் சிப்பாய்களுக்காகப் போட்ட 'ஷேக்ஸ்பியர் ஹட்' என்ற கொட்டகையில் அது தொடங்கியது. பிறகு கவர் தெருவுக்குப் போனது. இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் அடிபட்டது. 1950களின் தொடக்கத்தில் ஃபிட்ஸ்ராய் ஸ்குவேரில் புதுக் கட்டடம் எழுந்தது.

பால் 1931-ல் மறைந்தார். விடுதி நூறாண்டைத் தாண்டிவிட்டது. அங்கே தங்கிப் படித்து ஆளானவர்கள் எத்தனையோ பேர். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அவர் யாரிடமும் போய் 'எங்களுக்கு இடம் தா' என்று கேட்டுக்கொண்டே இருக்கவில்லை என்பதுதான். கொட்டகையாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆரம்பித்துவிட்டார்.

வீராசாமியின் வாசல்

படுக்கையைப் போலவே பந்திக்கும் ஒரு நினைவுச் சின்னம் லண்டனில் இருக்கிறது. ரீஜன்ட் தெருவில் வீராசாமி உணவகம், தொடங்கியது 1926. பெயர் நம் பக்கத்துப் பெயர். தொடங்கியவர் எட்வர்ட் பால்மர் என்ற ஆங்கிலோ-இந்தியர். மசாலாச் சாமான் விற்கும் தன் வியாபாரத்துக்கு வைத்திருந்த பெயரையே உணவகத்துக்கும் வைத்தார். 1924-25-ல் வெம்ப்ளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் இந்திய உணவுக்கூடம் நடத்தி வெற்றி கண்ட பிறகு இதைத் திறந்தார். வந்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவில் அதிகாரம் செய்துவிட்டு ஓய்வு பெற்ற துரைமார். பரிமாறியவர்கள் நம்மவர், உட்கார்ந்தவர்கள் அவர்கள். நம் மாணவர்கள் கூடியது 1920-ல் ஜெரார்ட் தெருவில் வந்த ஷாஃபி போன்ற எளிய இடங்களில்தான்.

பிரிட்டனில் இன்றுவரை இயங்கிவந்த மிகப் பழைய இந்திய உணவகம் வீராசாமிதான். கட்டட உரிமையாளரான கிரவுன் எஸ்டேட் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்ததால் 2025-ல் அது நீதிமன்றப் படியேறியது. வாசலை இடித்து அலுவலகத்துக்கு வரவேற்பறை அமைக்க வேண்டுமாம். நூறாண்டு நினைவுக்கு எதிராகச் சில சதுர அடி! அங்கே ஒரு வேளை சாப்பிட நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது, உண்மைதான். அதற்காக அந்தப் பெயர்ப்பலகை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிடலாமா? ஒரு சமூகம் இந்த நகரத்தில் இருந்தது என்பதற்குக் கல்வெட்டுகள் இல்லை. மேசைகளும் வாசல்களும்தான் சாட்சி.

இன்றைக்கு யார் சத்திரம் கட்டுவது?

இப்போது ஹீத்ரோவுக்கு வருகிறேன். போன செப்டம்பரில் என் தங்கை மகனின் நண்பன் ஒருவன் மாஸ்டர்ஸ் படிக்க வந்தான். இல்ஃபர்டில் அறை என்று வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, இரண்டு மாத முன்பணம் அனுப்பியிருந்தான். நள்ளிரவில் போய் நின்றால் அப்படி ஒரு கதவு எண்ணே அந்தத் தெருவில் இல்லை. விசாரித்து என் எண்ணைப் பிடித்து, 'அங்கிள், தப்பா நினைக்காதீங்க, ஒரு ராத்திரி மட்டும் தங்கிக்கலாமா?' என்று கேட்டான். எங்கள் வரவேற்பறையில் பதினொரு நாள் இருந்தான். பிறகு கிடைத்த அறையில் நான்கு பேர். வாடகை வாங்குகிறவரும் தமிழர்தான். கேட்டால், 'நாங்க வந்தப்ப ஆறு பேர் படுத்தோம் தம்பி' என்கிறார்.

இந்தப் பதிலை நான் அடிக்கடி கேட்கிறேன். நாங்கள் பட்டோம், நீயும் படு. எண்பதுகளில் ஈழத்திலிருந்து ஓடிவந்தவர்கள் ஒரு வீட்டில் பத்துப் பேர் முறைவைத்து உறங்கினார்கள் என்பது உண்மை. அதே வீட்டில் முதலில் வந்த அண்ணை அடுத்து வந்தவனுக்குப் பாயை விரித்து, சோறும் போட்டு, வேலையும் தேடிக் கொடுத்தார் என்பதும் உண்மை. அந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டு முதல் பாதியை மட்டும் வியாபாரமாக்குவது நியாயமில்லை.

இன்று லண்டனில் நமக்குக் கோயில்கள் இருக்கின்றன, தேவாலயங்கள் இருக்கின்றன, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. வருஷா வருஷம் இரவு விருந்துகளுக்கு ஆகும் செலவு நமக்கே தெரியும். இத்தனை பேர் சேர்ந்தால் வந்திறங்கும் மாணவருக்கு, செவிலியருக்கு, அடைக்கலம் தேடி வந்தவருக்கு முதல் இரண்டு வாரம் நியாயமான வாடகையில் ஒரு கட்டிலும் ஒரு வேளைச் சோறும் தர முடியாதா? ஊர் கேட்காமல், சாதி கேட்காமல், கோயிலா மசூதியா தேவாலயமா என்று கேட்காமல். பத்துக் கட்டில் போதும். பால் கொட்டகையில்தான் ஆரம்பித்தார்.

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா, அம்மா, சித்தப்பா லண்டனில் முதல் இரவு எங்கே படுத்தார்கள், மறுநாள் காலை என்ன சாப்பிட்டார்கள், யார் கொடுத்தது என்று கேளுங்கள். தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் குறித்து வையுங்கள். போனில் பதிவு செய்தாலும் போதும். ராமானுஜனின் முதல் இரவு எந்த வீட்டில் என்று நமக்குத் தெரிகிறது. ஆயாக்களில் ஒருத்தியின் முதல் இரவு பற்றி அவள் வாயால் சொன்ன ஒரு வார்த்தை நம்மிடம் இல்லை. உங்கள் வீட்டுக் கதை எந்தப் பக்கம் சேரப்போகிறது என்பதை இந்த வாரக் கடைசியில் நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி முடிவு செய்யும்.